முன் பல் குறைப்பு: பிக்கப் கணக்கின் நிறையும் குறையும்

சங்கரன்கோவில் பட்டறைகளில் "வண்டி இழுக்கல" என்ற முறையீட்டுக்குக் கிடைக்கும் பதில்களில் மலிவானது, "முன்னால ஒரு பல்லக் குறைச்சிருவோம் அண்ணாச்சி" என்பது. எஞ்சினைத் திறக்க வேண்டாம், கார்புரேட்டரைத் தொட வேண்டாம். கியர்பாக்ஸ் தண்டில் இருக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, ஒரு பல் குறைந்ததை மாட்டினால் வேலை முடிந்தது. வண்டி மாறியிருப்பதை ஓட்டுபவர் முதல் தெருமுனையிலேயே உணர்ந்துவிடுகிறார். பலன் இவ்வளவு உடனே தெரிவதால் யாரும் இதை நிறுத்துப் பார்ப்பதில்லை. பிக்கப் கூடுகிறது என்பதில் தகராறு இல்லை. எந்தக் கியரில், எந்த வேகத்தில், எந்தச் சாலையில், எதை விலையாகக் கொடுத்துக் கூடுகிறது என்பதே மதிப்பிட வேண்டியது.

தெருவுக்குத் தெரு நிற்கும் ஸ்பிளெண்டரை வைத்தே கணக்கைப் பார்க்கலாம். முன்னால் 14 பல், பின்னால் 44. சின்ன ஸ்ப்ராக்கெட் 3.14 சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. பதினான்கைப் பதின்மூன்று ஆக்கினால் அந்த விகிதம் 3.38. வித்தியாசம் 7.7 சதவீதம். எந்தக் கியரிலும், எந்த வேகத்திலும், எஞ்சின் முன்பைவிட 7.7 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். எஞ்சினின் முறுக்குவிசை மாறாதவரை பின்சக்கரத்தின் தள்ளுவிசையும் அதே அளவு கூடும். இதே பலனைப் பின்னால் பெற 44ஐ 47க்கு மேல் கொண்டுபோக வேண்டும். முன்னால் ஒன்று என்றால் பின்னால் மூன்று என்ற பட்டறை வாய்பாடு தோராயமானதுதான், ஆனாலும் நம்பத்தக்கது.

வாய்பாடு சரி. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு பாதிதான் சரி. ஸ்ப்ராக்கெட் எஞ்சினின் திறனைக் கூட்டுவதில்லை. அந்த 97.2 சிசி எஞ்சின் 8000 சுற்றில் தரும் எட்டு குதிரைத்திறனுக்குட்பட்ட திறன் 13 பல்லிலும் மாறாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைச் சக்கரம் எவ்வளவு பலமாகத் தள்ளமுடியும் என்பதை அந்த நொடியில் எஞ்சின் தரும் திறனே தீர்மானிக்கிறது. திறனை வேகத்தால் வகுத்தால் தள்ளுவிசை. ஆகவே ஒரு வேகத்தில் பல் மாற்றம் முடுக்கத்தைக் கூட்டுகிறது என்றால் அதற்குப் பொருள் ஒன்றே: முன்பு அந்த வேகத்தில் எஞ்சின் தன் நல்ல சுற்றுக்குக் கீழே கிடந்தது, இப்போது சற்று மேலே ஏறியிருக்கிறது. இதே காரியத்தைக் கியரை ஒன்று இறக்கியும் செய்யலாம். டாப் கியரில் 40இல் போகும்போது முறுக்கினால் இழுக்கவில்லை என்பவர், மூன்றாவதற்கு இறக்கியிருந்தால் கிடைத்திருக்கும் இழுவையில் ஒரு பகுதியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்.

எவ்வளவு பகுதி என்ற கேள்வியில்தான் வண்டிக்கு வண்டி தீர்ப்பு பிரியவேண்டும். நான்கு கியர் கொண்ட 100 சிசி வண்டியில் மூன்றாவதிலிருந்து டாப்புக்குப் போகும்போது சக்கரத்தின் இழுவை ஏறத்தாழக் கால் பங்கு விழுகிறது. அவ்வளவு பெரிய இடைவெளி. முன் பல் ஒன்றைக் குறைப்பது அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அடைப்பதில்லை. ஆறு கியர் கொண்ட 390 டியூக்கைப் பாருங்கள். ஐந்தாவது கியரின் பற்கள் 23க்கு 22, ஆறாவதன் பற்கள் 25க்கு 21. ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் இழுவை 12 சதவீதம் விழும். அதன் ஸ்ப்ராக்கெட்டுகள் 15க்கு 45. முன்னால் ஒரு பல் குறைத்தால் 7.1 சதவீதம் கூடும். அங்கே பல் குறைப்பு அரைக் கியர் இறக்குவதற்குச் சமம்.

மேலோட்டமாகப் பார்த்தால் டியூக்கில்தான் பலன் பெரிது என்று தோன்றும். நான் எதிர்முடிவுக்கே வருகிறேன். ஆறு கியர் வண்டியில் சிறு சிறு படிகள் காலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வேண்டிய சுற்றை ஓட்டுபவர் எப்போதும் கியரிலேயே தேடிக்கொள்ளலாம். நான்கு கியர் வண்டியில் அப்படி இல்லை. 55இல் எதிர்காற்றில் போகும்போது டாப் தளர்கிறது, மூன்றாவது கத்துகிறது. இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. பல் குறைப்பு டாப் கியரைக் கொஞ்சம் கீழே இறக்கி அந்த வெற்றிடத்தில் வைக்கிறது. இந்த வழக்கத்துக்குச் சொல்லக்கூடிய ஆகச்சிறந்த நியாயம் இதுதான். ஆனால் இதைச் சொல்லி யாரும் பல் குறைப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது நியாயம் முதல் கியரில் இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கக் கியர் கிடையாது. நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு கிளம்பும்போது ஸ்ப்ராக்கெட் தருவதை வேறெதுவும் தராது. கிளட்சைப் பாதி பிடித்துத் தேய்த்துக்கொண்டே நகர்த்தும் தூரம் குறைகிறது. கிளட்ச் தட்டுகளின் ஆயுள் கூடுகிறது. இது மறுக்கமுடியாத நிறை. அதற்கு எதிர்த்தட்டில் இரண்டை வைக்கவேண்டும். எஞ்சின் தன் சொந்தச் சுழல்பாகங்களையும் முன்பைவிட விரைவாக முடுக்கவேண்டியிருப்பதால் அந்த 7.7 சதவீதம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. இந்தக் கழிவு முதல் கியரில்தான் அதிகம். மேலும் ஒவ்வொரு கியரும் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்துபோகிறது. இரண்டாவது கியரில் 62 வரை ஓடிய ஒரு வண்டி, இப்போது 57, 58இல் மூன்றாவதைக் கேட்கும். சுழியத்திலிருந்து 60 என்ற பந்தயத்தில் ஒரு கியர் மாற்றம் கூடுதலாக நுழைந்தால் பல் கொடுத்த நேரத்தைக் கால் தின்றுவிடும். நின்ற இடத்துப் பிக்கப்புக்காகப் பல் குறைத்தவர், தன் வண்டியில் எந்தக் கியர் எந்த வேகத்தில் முடிகிறது என்பதைக் குறித்துவைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் குறைத்தது ஊகமே.

பந்தயத் தளங்களில் இதற்கு ஒரு கறாரான அளவுகோல் உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம், 1990இலிருந்து இருங்காட்டுக்கோட்டை, பிறகு கோவை செட்டிபாளையத்தின் கரி தளம் என்று தமிழ்நாட்டில் பந்தயம் இடம் மாறியபோதும் இந்த அளவுகோல் மாறவில்லை: தளத்தின் மிக நீண்ட நேர்ப்பகுதி முடியும் இடத்தில், டாப் கியரில், எஞ்சின் தன் உச்சத் திறன் சுற்றைத் தொட்டோ சற்றே தாண்டியோ இருக்கவேண்டும். அதற்கு முன்பே சுற்று முடிந்துவிட்டால் கியரிங் குட்டை. அந்தச் சுற்றை எட்டவே முடியாவிட்டால் நெட்டை. தளம் மாறினால் ஸ்ப்ராக்கெட்டும் மாறும். சாலை, எஞ்சின், விகிதம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நியாயப்படுத்த வேண்டும் என்ற ஒத்திசைவுதான் அதன் அழகு. ஊர்வழக்கில் விகிதம் மட்டும் தனியே பேசப்படுகிறது. எந்தச் சாலைக்கு என்று கேட்கப்படுவதில்லை.

நாம் கேட்போம். சங்கரன்கோவில் சமவெளி ஊர். வடக்கே கரிவலம்வந்தநல்லூர் வழியாக இராஜபாளையம், தெற்கே பனவடலிசத்திரம் வழியாகத் திருநெல்வேலி: இரண்டும் கரிசல்காட்டைக் கிழித்துப்போகும் சாலைகள், சரக்கில்லாத வண்டிக்குப் பல் குறைக்கும் அளவுக்கு ஏற்றம் இல்லை. செங்கோட்டை தாண்டிப் புளியரையில் மலை ஏறும்வரை சரிவு ஒரு வாதமே ஆகாது. ஏற்றத்தைக் காரணம் காட்டிப் பல் குறைப்பதற்கு இந்த ஊரில் இடமில்லை.

காற்று வேறு கதை. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று இந்த வட்டாரத்தின் நிரந்தர விருந்தாளி; கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்ததும் அந்தக் காற்றை நம்பித்தான். சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி நேர் மேற்கு. கழுகுமலை, கோவில்பட்டி நேர் கிழக்கு. ஆகவே புளியங்குடிக்குப் போகும்போதும் கோவில்பட்டியிலிருந்து திரும்பும்போதும் காற்று நெஞ்சிலேயே அறைகிறது. 60இல் போகும் வண்டியை 30 கிலோமீட்டர் வேக எதிர்காற்று சந்தித்தால் வண்டி உணர்வது 90 கிலோமீட்டர் காற்றை. காற்றுத்தடை வேகத்தின் இருமடியில் ஏறுவதால் அது இரண்டே கால் மடங்காகிறது. எட்டு குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சின் அந்தச் சுமையோடு டாப்பில் தன் சுற்றைத் தக்கவைக்க முடியாது. பந்தய அளவுகோலின்படி, அமைதியான நாளில் சரியாக இருந்த கியரிங் ஆடி மாதத்தில் நெட்டையாகிவிடுகிறது. காற்றுக்காகப் பல் குறைக்கும் வாதத்தைச் சங்கரன்கோவிலில் முன்வைக்கலாம். மேடும் பள்ளமும் இல்லாத, காற்றும் இல்லாத ஒரு ஊரில் வைக்கமுடியாது.

பாரம் இன்னொரு கதை. விடிவதற்கு முன் பூ மார்க்கெட்டுக்குப் பின்சீட்டில் மூட்டை கட்டி வரும் வண்டி, விசைத்தறிக் கூடங்களுக்கு நூலும் துணியும் சுமக்கும் வண்டி, புளியங்குடி எலுமிச்சைச் சாக்கை ஏற்றிய வண்டி: இவை ஐம்பதைத் தாண்டுவது அபூர்வம், நின்று கிளம்புவது அதிகம். முதல் கியரின் நியாயமும் டாப் கியர் வெற்றிடத்தின் நியாயமும் இந்த வண்டிகளில் ஒன்றுகூடுகின்றன. வேகத்தில் இழப்பதற்கு இவற்றிடம் எதுவும் இல்லை.

இனி கைவேலையின் தரத்துக்கு வருவோம். முன்னால் குறைப்பதா, பின்னால் கூட்டுவதா என்ற விவாதத்தில் விலை முன்பக்கம் நிற்கிறது, இயந்திர நியாயம் பின்பக்கம் நிற்கிறது. செயின் வளைந்து செல்லும் வட்டம் உண்மையில் ஒரு பலகோணம். பல் குறையக்குறைய அதன் முனைகள் கூர்மையாகின்றன. 14 பல்லில் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் 2.5 சதவீதம் ஏறி இறங்குகிறது. 13இல் அது 2.9 ஆகிறது, 12க்குப் போனால் 3.4. ஒவ்வொரு கண்ணியும் முன்பு 25.7 பாகை மடங்கியது, இப்போது 27.7 பாகை மடங்குகிறது. அதே முறுக்குவிசையைச் சிறிய வட்டத்தில் தாங்குவதால் செயினின் இழுவிசையும் 7.7 சதவீதம் கூடுகிறது. மூன்றும் ஒரே திசையில் வேலை செய்கின்றன: தேய்மானம். செயின் தாழ்ந்து ஓடுவதால் ஸ்விங்ஆர்மின் மேலிருக்கும் ரப்பர் பட்டையும் சேர்ந்து தேயும். பின்னால் பல் கூட்டினால் இவற்றில் எதுவும் கெடுவதில்லை. படிகளும் சிறியவை, 44இல் ஒரு பல் கூட்டினால் 2.3 சதவீதம்தான். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

ஆனால் பின்பக்கத்துக்கும் தன் குறைகள் உண்டு. முழு செயின் கவர் கொண்ட வண்டிகளில் பெரிய ஸ்ப்ராக்கெட் கவரை உரசலாம். மூன்று பல் கூட்டினால் பின் அச்சு ஏறத்தாழப் பத்து மில்லிமீட்டர் முன்னே வரவேண்டும். இடம் இல்லாவிட்டால் நீளமான செயின் வேண்டும். முன்னால் ஒரு பல் குறைத்தால் அச்சை மூன்று மில்லிமீட்டர் பின்தள்ளினால் போதும், பழைய செயினே பொருந்தும். 13க்கு இன்னொரு நல்லதும் சொல்லியாக வேண்டும். 14 பல்லும் இரட்டைப்படைக் கண்ணிகளும் சேரும்போது ஒரே பல் எப்போதும் ஒரே வகைக் கண்ணிகளையே சந்திக்கிறது. 13 ஒற்றைப்படை எண் என்பதால் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவுகிறது. இதைப் பெரிதாக்கவும் வேண்டாம். டியூக் சரியாக மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தோடுதான் ஆலையிலிருந்து வருகிறது.

பட்டறைகளின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. கோவையின் ரோலான், சென்னையின் டயமண்ட் ஆகிய இரண்டு தமிழ்நாட்டுச் செயின் பெயர்களும் நாட்டுக்கே தெரிந்தவை. ஆனால் கடைகளில் எளிதில் கிடைக்கும் செட், ஆலைப் பல் எண்ணிக்கையோடுதான் வருகிறது. பல் குறைந்தது வேண்டுமென்றால் வேறொரு மாடலின் ஸ்ப்ராக்கெட்டைத் தேடிப் பொருத்துகிறார்கள். தண்டில் ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று கொள்ளப்படுகிறது. 420 செயினுக்கும் 428 செயினுக்கும் கண்ணி இடைவெளி ஒன்றுதான், 12.7 மில்லிமீட்டர், அகலம் வேறு. 420க்கு உள் அகலம் 6.35, 428க்கு 7.94. ஒல்லியான 420 ஸ்ப்ராக்கெட் 428 செயினில் ஓடும், சத்தம்கூடப் போடாது, பல் மட்டும் சீக்கிரம் கத்தியாகும். நீண்டுபோன பழைய செயினைப் புதுப் பல்லில் மாட்டுவதும் இதே ரகம். பல் மாற்றம் என்றால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் சேர்ந்த ஒரே வேலை என்று கொள்ளாத பட்டறையின் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு கேள்வி முறைமை பற்றியது. பல் குறைத்த பிறகு வண்டி பறக்கிறது என்பவரின் அனுபவம் பொய்யல்ல. ஆனால் எதனால் பறக்கிறது என்பது நிறுவப்படுவதில்லை. அதே நாளில் செயின் கழுவி எண்ணெய் பூசப்பட்டிருக்கும், தொய்வு சரிசெய்யப்பட்டிருக்கும், பின்சக்கரம் நேராக்கப்பட்டிருக்கும், இறுகியிருந்த பிரேக் தளர்ந்திருக்கும். கூடுதல் சுற்றின் ஓசை காதுக்கு வேகமாகவும் கேட்கும். பிக்கப் இல்லை என்ற புகாரின் மூலகாரணம் அடைத்துப்போன ஏர் ஃபில்டராகவோ வழுக்கும் கிளட்சாகவோ இருந்திருக்கலாம். அப்படியானால் பல் குறைப்பு நோயை மறைத்துவிடுகிறது. சோதிக்க விரும்புபவருக்குக் கோவில்பட்டிச் சாலையின் கிழக்கு மேற்கு நேர்ப்பகுதியே போதும்: ஆள் நடமாட்டமில்லாத நேரம், ஒரே ஓட்டுநர், ஒரே டயர் காற்றழுத்தம், டாப் கியரில் 40இலிருந்து 60 வரை, இரு திசையிலும் பலமுறை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும். இரு திசையிலும் ஓட்டாவிட்டால் நாம் அளப்பது காற்றை. அதே ஓட்டத்தை மூன்றாவது கியரிலும் ஒருமுறை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பல தீர்ப்புகள் அந்த ஒரு ஓட்டத்திலேயே மாறிவிடும்.

ஸ்பீடோமீட்டரையும் மறக்கக்கூடாது. முன்சக்கரத்திலிருந்து கேபிள் எடுக்கும் வண்டிகளில் பல் மாற்றம் முள்ளைப் பாதிக்காது. கியர்பாக்ஸில் சென்சார் உள்ள வண்டிகளில் உண்மையான 60, ஏறத்தாழ 65 என்று காட்டும். ஓடிய கிலோமீட்டரும் கூடுதலாக ஏறும். அத்தகைய வண்டியில் பல் குறைத்துவிட்டு 'மைலேஜ் குறையவே இல்லை' என்பவர், பொய்க்கணக்குக் காட்டும் முள்ளை நம்பியே பேசுகிறார். அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றும்போது உராய்வு கூடும், பெட்ரோல் சற்றுக் கூடுதலாகவே போகும்.

இந்த வழக்கத்தின் பின்னால் ஆர்எக்ஸ் 100இன் நிழல் இருப்பதையும் சொல்லவேண்டும். 1985 முதல் 1996 வரை வந்த அந்த டூ ஸ்ட்ரோக் வண்டி, பிக்கப் என்றால் என்ன என்பதற்கு ஒரு தலைமுறையின் இலக்கணமாகிவிட்டது. அதற்கு 98 சிசியில் 7500 சுற்றில் 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. ஃபோர் ஸ்ட்ரோக் நூறு சிசி வண்டியை ஒரு பல்லால் அந்த இலக்கணத்துக்குள் கொண்டுவர நினைப்பது நிறைவேறாத ஆசை. இடையே இருப்பது மூன்று குதிரைத்திறனுக்கு மேல், அதை எந்த விகிதமும் உண்டாக்காது.

எதிர்த்திசையில் போன மரபு ஒன்றும் உண்டு, அதையும் அதே தராசில் வைக்கவேண்டும். பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350இல் பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு, 38 பல். ஆகவே விளையாட முன்பக்கம் மட்டுமே. நெடுஞ்சாலைக்காரர்கள் முன்னால் பல்லைக் கூட்டினார்கள். 80இல் அதிர்வு அடங்கும் என்பதே நோக்கம். 5625 சுற்றில் 18 குதிரைத்திறன் தரும், கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் எஞ்சினுக்கு அது பொருந்திய முடிவு. கிளட்சையும் பிரைமரி செயினையும் கழற்றினால்தான் அந்த ஸ்ப்ராக்கெட்டைத் தொடமுடியும் என்பதாலோ என்னவோ, அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் யோசித்தே செய்தார்கள். அரை மணியில் முடியும் வேலைக்கும் அந்த யோசனை தேவைதான்.

சங்கரன்கோவிலுக்கு என் தீர்ப்பு வண்டியைப் பொறுத்துப் பிரிகிறது. மூட்டை சுமக்கும், ஐம்பதைத் தாண்டாத நான்கு கியர் 100 சிசி வண்டிக்கு முன்னால் ஒரு பல் குறைப்பது தகும். 428 அகலமுள்ள சரியான ஸ்ப்ராக்கெட்டோடு, புதுச் செயினோடு. இரண்டு பல் குறைப்பது எந்தக் காரணத்துக்கும் தகாது. தினமும் மேற்கே புளியங்குடிக்குப் போய்வரும் சுமையில்லாத வண்டிக்கு, ஆண்டின் சில மாதக் காற்றுக்காக மற்ற மாதங்களின் பெட்ரோலைக் கொடுப்பதா என்பது உரிமையாளரின் கணக்கு, நான் கொடுக்கமாட்டேன். திருநெல்வேலிச் சாலையில் எழுபது எண்பதில் போகும் வண்டியில் பல் குறைப்பது நட்டம்: முன்பு 6000 சுற்றில் ஓடிய வேகத்தில் இனி 6460. ஆறு கியர் வண்டிகளில் பந்தயத்தளத்துக்கு வெளியே இதற்கு நியாயம் எதுவும் கண்டதில்லை. ஐந்து கியர் 150 சிசி வண்டியை வைத்துக்கொண்டு பிக்கப் போதவில்லை என்பவருக்கு, செயின் செட் மாற்றும் நேரம் வரும்போது பின்னால் இரண்டு பல் கூட்டுவது உச்சவரம்பு. அதையும் ஒரு வாரம் ஒரு கியர் குறைவாக ஓட்டிப்பார்த்து, அப்போதும் போதவில்லை என்று தெரிந்த பிறகே செய்யவேண்டும்.